அம்மா பொறுக்கிப் போடும் அரிசி

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். கல்லும் நெல்லும் பொறுக்குவது வழக்கம்தான். அன்று அவர் பொறுக்கி ஒரு கொட்டாங்கச்சியில் போட்டது வேறு. கொஞ்சம் மஞ்சள் பாய்ந்த, மழமழவென்ற, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போன்ற அரிசிகள்.

"என்னம்மா அது?"

"பிளாஸ்டிக் அரிசிடா. தண்ணியில போட்டா மெதக்குது பாரு. கோழிக்குப் போட்டுடுவேன்."

"பிளாஸ்டிக்குன்னா கோழிக்கு மட்டும் போடலாமா?"

"கோழி என்ன கேக்கவா போவுது."

அது பிளாஸ்டிக் இல்லை என்று எனக்குத் தெரியும். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து, ஏறக்குறைய முறுக்கு பிழிவது மாதிரி எந்திரத்தில் பிழிந்து, அரிசி நீளத்துக்கு வெட்டிக் காயவைத்தது. இதை 100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோ கலந்தால் 'செறிவூட்டப்பட்ட அரிசி'. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார், 2024-க்குள் ரேஷன், சத்துணவு, அங்கன்வாடி எல்லாவற்றிலும் இந்த அரிசிதான் என்று. தமிழ்நாட்டில் முதலில் சோதனை முயற்சியாக வந்தது 2020-ல், எங்கள் திருச்சி மாவட்டத்தில். அதாவது நாட்டிலேயே இதை முன்னதாகப் பார்த்த ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. இத்தனை வருஷம் கழித்தும் அம்மாவுக்கு அது பிளாஸ்டிக்தான். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதே வாரத்தில் இன்னொன்று நடந்தது. என் அக்கா மகள், பதினொன்றாம் வகுப்பு, பள்ளியில் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9. அந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். அவள் சாப்பிடுவதும் அம்மா புடைக்கும் இதே அரிசிதான். ஒரே வீட்டில் ஒரு பக்கம் ரத்தசோகைக்கான அரிசியைப் பொறுக்கி எறிகிறார்கள், மறுபக்கம் ரத்தசோகையில் ஒரு பிள்ளை விழுகிறது. அம்மா அதைப் பொறுக்காமல் சமைத்திருந்தால் பிள்ளை விழுந்திருக்காதா? இந்தக் கேள்விதான் என்னை மூன்று மாதம் வாசிக்க வைத்தது. நான் மருத்துவனோ ஊட்டச்சத்து நிபுணனோ இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். கணக்கு சரியாக வருகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. அதை மட்டும் செய்திருக்கிறேன்.

முதலில் எளிய கணக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு கிலோ செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்புச்சத்து 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இருக்கலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ என்று வையுங்கள். தலைக்கு நாளுக்கு 167 கிராம். அதிலிருந்து கூடுதலாகக் கிடைப்பது சுமாராக 4.7 முதல் 7.1 மி.கி. இரும்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரையில் வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மி.கி. ஆக ஆறில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை இந்த அரிசி கொடுத்துவிடுகிறது.

உண்மையைச் சொன்னால் நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. காகிதத்தில் பார்த்தால் இது சின்ன அளவு இல்லை.

ஆனால் காகிதத்தில் இருப்பது ரத்தத்துக்குப் போக வேண்டுமே. அரிசியில் கலக்க அதிகம் பயன்படுவது ஃபெரிக் பைரோபாஸ்பேட் என்ற உப்பு. நிறமும் சுவையும் மாறாது என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறம் மாறாததற்குக் காரணம் அது சுலபமாகக் கரையாது என்பது. கரையாதது உடம்பில் ஏறுவதும் குறைவு. இதற்கு மேல், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம். டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உலகம் முழுவதும் நடந்த அரிசிச் செறிவூட்டல் சோதனைகளைத் திரட்டி காக்ரேன் அமைப்பு 2019-ல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. இரும்பு சேர்த்த அரிசியால் ரத்தசோகை வரும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம், அல்லது வித்தியாசமே இல்லாமல் போகலாம் என்பதுதான் அதன் முடிவு. 'கெடுதல்' என்று அது சொல்லவில்லை. 'பலிக்கும்' என்றும் சொல்லவில்லை.

பி12 கணக்கு இன்னும் மோசம். கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரை. 167 கிராமில் 0.2-ஐத் தொட்டால் அதிகம். ஒரு நாள் தேவை 2.2. ஒரு கோழிமுட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம் இருக்கிறது. அதாவது அம்மாவின் கோழி போடும் ஒரு முட்டைக்கு, இந்த அரிசியை மூன்று நாள் தின்றால் சமம்.

(அந்தக் கோழி கொட்டாங்கச்சி அரிசியைத் தின்று, முட்டையிட்டு, அந்த முட்டையை வீட்டுப் பிள்ளைகள் தின்கிறார்கள். ஒருவகையில் அம்மாவும் செறிவூட்டல் திட்டம்தான் நடத்துகிறார்.)

முட்டை என்றதும் எனக்கு ஒரு ஆவேசம் வந்தது. இந்தத் திட்டத்துக்குச் செலவழிக்கும் காசை அப்படியே முட்டையாகக் கொடுத்துவிட்டுப் போகலாமே! இதைத் தலைப்பாக வைத்து ஒரு சூடான கட்டுரை எழுத உட்கார்ந்தேன். கணக்கு போட்டதும் சூடு ஆறிவிட்டது. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்தை 2028 டிசம்பர் வரை தொடர ஒப்புதல் கொடுத்தது. 2024 ஜூலையிலிருந்து கணக்கு, மொத்தம் 17,082 கோடி ரூபாய். கேட்க பயங்கரமாக இருக்கிறது. நாலரை வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு சுமார் 3,800 கோடி. 80 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு வருஷத்துக்கு 47 ரூபாய். ஆறு ரூபாய் முட்டை என்றால் வருஷத்துக்கு எட்டு முட்டை. கோதுமை வாங்குபவர்களைக் கழித்துவிட்டால் இன்னும் நாலைந்து கூடலாம். அவ்வளவுதான்.

'இந்தக் காசில் எல்லோருக்கும் முட்டை கொடுக்கலாம்' என்று எழுதுகிறவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். நானும் செய்யாமல் எழுதியிருப்பேன். செறிவூட்டல் மலிவு. மிக மிக மலிவு. அந்த மலிவுதான் இதில் சிக்கலே என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன்னால் ஒரு பழைய கதை.

அரிசியும் ஊட்டச்சத்தும் சேர்ந்த ஆராய்ச்சி இந்தியாவில் தொடங்கிய இடங்களில் முக்கியமானது குன்னூர். 1918-ல் அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தில் ஒரு அறையில், ராபர்ட் மக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையை ஆரம்பித்தார். அதுவே வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இன்றைக்கு 'உன் தட்டில் இவ்வளவு கீரை, இவ்வளவு பருப்பு' என்று சொல்கிற நிறுவனத்தின் பூர்வீகம் நீலகிரி. மக்காரிசன் எலிகளுக்கு ஒவ்வொரு பிரதேசத்துச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய் என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று முதலிடம். மதராசி சாப்பாடு தின்ற எலிகள் கடைசி. காலனியாதிக்கக் காலத்து 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' பேச்சுக்கு இந்த எலிகள் வசதியாக இருந்தன என்பது தனி விமர்சனத்துக்குரிய விஷயம். ஆனாலும் சோறு மலையாகவும் மற்றதெல்லாம் ஊறுகாய் அளவிலும் இருக்கும் தட்டைப் பற்றி அவை சொன்னது பொய்யில்லை.

பெரிபெரிக்கு வருவோம். தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்தால் வருவது. அன்றைய சென்னை மாகாணத்தின் வடக்கே, கடலோர ஆந்திர மாவட்டங்களில், அது தொடர்ந்து இருந்தது. தெற்கே தமிழ்நாட்டுப் பக்கம் அப்படிப் பரவவில்லை. இரண்டு பக்கமும் அரிசிதான், இரண்டு பக்கமும் ஏழைகள்தான். வித்தியாசம், அங்கே எந்திரத்தில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் மேல்தோலிலும் இருக்கும் தயமின் உள்ளே மணிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். நம் பாட்டிகள் நெல் அவித்தது தயமினுக்காக இல்லை. அரிசி உடையாமல் இருக்கவும், கெடாமல் இருக்கவும், பழையது நன்றாக இருக்கவும்தான். ஆனால் அந்த அண்டாவில் நடந்தது செறிவூட்டல். யாரும் பொறுக்கி எறியாத செறிவூட்டல்.

இதை நான் 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' ரகத்தில் சொல்லவில்லை. அந்தப் பாட்டிகளுக்கும் ரத்தசோகை இருந்திருக்கும், பிரசவத்தில் செத்தும் போயிருக்கிறார்கள். நான் சொல்வது, அரிசியை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு ஊரே நோயிலிருந்து தப்ப முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே நிரூபணம் இருக்கிறது. அதனால் செறிவூட்டல் என்ற கருத்தின் மேலேயே எனக்குக் கோபம் கிடையாது. அயோடின் உப்பு வந்து கழுத்துக்கழலை குறைந்ததும் இதே வழியில்தான்.

அப்படியானால் என் விமர்சனம் எதன் மேல்? முதலாவதாக, சோதிக்கும் முறை மேல்.

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. நிரலையும், அந்த நிரல் சரியா என்று பார்க்கும் சோதனையையும் ஒரே நாளில் மாற்றாதே. மாற்றினால், விளக்கு பச்சையாக எரிந்தாலும் எதனால் எரிகிறது என்று சொல்ல முடியாது. ரத்தசோகை விஷயத்தில் நடந்தது அதுதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம், அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 50.7 ஆக இருந்தது ஏறியிருக்கிறது. இந்த எண்களைக் காட்டித்தான் 'அவசரம், அவசரம்' என்றார்கள். ஆனால் இந்தக் கணக்கெடுப்பு விரல்நுனியில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தில் பார்த்தது. 2016-18-ல் குழந்தைகளுக்கென்று நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தது. அதில் நாடு முழுவதும் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம்தான் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் விரல்நுனிக் கணக்கு 58.6 சொன்னது. வயது வரம்பு கொஞ்சம் வேறுதான், ஆனாலும் இவ்வளவு இடைவெளியை அது மட்டும் விளக்காது. அதோடு, ரத்தசோகை உள்ளவர்களில் இரும்புக் குறைவால் வந்தது ஒரு பங்குதான் என்றும், ஃபோலேட், பி12 குறைவாலும், இவை எதிலும் அடங்காத வேறு காரணங்களாலும் வந்தது கணிசம் என்றும் அந்த இரண்டாவது கணக்கெடுப்பு காட்டியது.

பிறகு என்ன ஆயிற்று? குடும்பநலக் கணக்கெடுப்பின் அடுத்த சுற்றிலிருந்து ரத்தசோகைப் பரிசோதனையை எடுத்துவிட்டு, நரம்பு ரத்தத்தில் பார்க்கும் தனிக் கணக்கெடுப்புக்கு மாற்றினார்கள். அறிவியல்படி இது நல்ல மாற்றம், நான் கைதட்டுகிறேன். ஆனால் அதே சமயத்தில்தான் நாடு முழுவதும் அரிசியும் மாறியது. நாளைக்கு 'ரத்தசோகை 57-லிருந்து 40-க்குக் குறைந்துவிட்டது' என்று ஒரு செய்தி வந்தால், குறைத்தது அரிசியா, ஊசியா? சொல்ல முடியாது. மாநிலத்துக்கு இரண்டு மாவட்டத்தை இரண்டு வருஷம் பழைய அரிசியிலேயே விட்டுவைத்து, இரண்டு பக்கமும் நரம்பு ரத்தத்தில் பார்த்திருந்தால் போதும். சோதனை முயற்சி என்று பெயர் வைத்தார்கள், சோதித்த முடிவு வருவதற்கு முன்பே நாடு முழுவதும் போய்விட்டது.

இன்றைக்கு வெளியில் தெரியும் எண் ஒன்றுதான்: 'விநியோகமான அரிசியில் இத்தனை சதவீதம் செறிவூட்டப்பட்டது'. 2024 மார்ச்சிலேயே நூறு சதவீதம் ஆகிவிட்டது. அம்மாவின் முறம் அந்தக் கணக்கில் வராது.

இரண்டாவது, சாக்கின் மேல் எழுதிய எழுத்து பற்றி. சிக்கில்செல், தலசீமியா என்று ரத்த அணுவின் பரம்பரைக் கோளாறுகள் சில உண்டு. அவர்களில் சிலருக்குக் கூடுதல் இரும்பு ஆகாது. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே சிக்கில்செல் இருப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். 2018 விதிகளின்படி இரும்பு சேர்த்த உணவின் மேல் இவர்களுக்கான எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்றிருந்தது. இந்த அரிசியில் இருக்கும் அளவுக்கு அப்படி ஒரு எச்சரிக்கை தேவையில்லை என்று பிறகு அரசு நியமித்த குழு சொன்னது. அது சரியாகவே இருக்கலாம், அதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் எச்சரிக்கை இருந்த காலத்திலும் அது எங்கே இருந்தது? 50 கிலோ சாக்கின் மேல். ரேஷன் கடையில் நமக்கு அரிசி சாக்கோடு வருவதில்லை. தராசில் கொட்டி நம் பையில் போடுகிறார்கள். சாக்கைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் எடை போடுபவர். எங்கள் ஊர்க் கடையில் எடை போடுகிறவரிடம் இந்த அரிசியைப் பற்றிக் கேட்டேன். "சத்து அரிசி சார், கவர்மெண்ட்டு போடுது" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "சத்துக்குத்தான்." அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கும் அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் அரிசி வதந்தி வாட்ஸ்அப்பில் ஒரு நாளில் ஊர் சுற்றிவிட்டது. உண்மை மட்டும் சாக்கில் எழுதியபடி கிடங்கிலேயே இருந்துவிட்டது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். தட்டு.

அந்தக் குன்னூர் வம்சாவளி நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் 2,000 கலோரித் தட்டு இப்படி இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், காய்கீரை 400, பழம் 100, பால் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27. இதன் பக்கத்தில் எங்கள் ரேஷன் பையை வைத்துப் பாருங்கள். அரிசி நாளுக்கு 167 கிராம், அதாவது தேவையில் மூன்றில் இரண்டு பங்கு, இலவசமாக. துவரம்பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. நான்கு பேருக்குப் பிரித்தால் நாளுக்கு 8 கிராம். தேவையில் பத்தில் ஒரு பங்கு. பாமாயில் ஒரு லிட்டர், 25 ரூபாய். காய், பழம், பால், முட்டை: சைபர்.

இதை எழுதும்போது ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். இந்தப் பருப்பும் எண்ணெயும்கூடப் பல மாநிலங்களில் கிடையாது. 1997-ல் மத்திய அரசு 'ஏழைகளுக்கு மட்டும்' என்று ரேஷனைச் சுருக்கியபோது தமிழ்நாடு சுருக்காமல் எல்லோருக்கும் என்று வைத்துக்கொண்டது. 2011-லிருந்து அரிசி இலவசம். எங்கள் வீட்டில் நான் பொறியியல் படித்த வருஷங்களில் அடுப்பு எரிந்தது அந்த அட்டையால். பசி என்ற வார்த்தையை எங்கள் தெருவில் கிட்டத்தட்ட ஒழித்தது இந்தக் கடைதான். அதனால் 'ரேஷன் அரிசி போட்டு சோம்பேறியாக்கிட்டாங்க' என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அரிசி போட்டதில் தப்பில்லை. அரிசியோடு நின்றுபோனதுதான். விளைவு கணக்கெடுப்பிலேயே தெரிகிறது. ஒரே மாநிலத்தில், அதே 2019-21 கணக்கில், பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை, 40.4 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறிய எடை. வயிறு நிறைகிறது, உடம்பு ஏறுகிறது, ரத்தம் ஏறவில்லை.

இப்படிப்பட்ட தட்டுக்கு, அதில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஒரே பொருளின் வழியாகவே மூன்று சத்தை உள்ளே செருகுவதுதான் செறிவூட்டல். எங்கள் மொழியில் ஒட்டுப்போடுவது. ஒட்டுப்போடாத மென்பொருள் உலகத்தில் கிடையாது, அவசரத்துக்கு நானே போடுவேன். ஆனால் ஒட்டு மலிவாக இருந்து, பலகையில் 'நூறு சதவீதம்' என்று பச்சை விளக்கும் எரிந்துவிட்டால், மூலக்கோளாறைச் சரிசெய்யும் வேலைக்கு யாரும் ஆள் ஒதுக்க மாட்டார்கள். அதற்கு நான் சாட்சி. மலிவுதான் சிக்கல் என்று முன்னே சொன்னது இதைத்தான்.

சரி, எதிர்த்தரப்பையும் பார்ப்போம். செறிவூட்டலை எதிர்ப்பவர்களில் பலர் சொல்லும் மாற்று, 'கேழ்வரகு கொடு, முருங்கைக்கீரை கொடு'. 2023-ல் தமிழ்நாட்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் இரும்புக்காக என்றால் கணக்கு உதைக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 4.6 மி.கி. இரும்பு. மாதம் 2 கிலோவை நான்கு பேருக்குப் பிரித்தால் நாளுக்கு ஒரு மி.கி.கூட வராது, 0.8 தான். அந்த மஞ்சள் அரிசி தருவதாகச் சொல்வதில் ஆறில் ஒரு பங்கு. கேழ்வரகின் பலம் கால்சியம், நார்ச்சத்து; தருமபுரி விவசாயிக்கு ஊர்ப்பக்கத்திலேயே அரசு கொள்முதல் கிடைக்கிறதே, அது இன்னும் பெரிய பலம். முருங்கைக்கீரையிலும் 100 கிராமுக்கு 4.6 தான். வாட்ஸ்அப்பில் வரும் 'கீரையைப் போல 25 மடங்கு' எல்லாம் காய்ந்த பொடியைப் பச்சைக் கீரையோடு ஒப்பிடும் வித்தை. எங்கள் கொல்லையிலேயே முருங்கை மரம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் அக்காவுக்கு அதை உருவி, ஆய்ந்து, வதக்க நேரம் எங்கே இருக்கிறது? கீரையின் விலையில் அதை ஆய்கிற பெண்ணின் முக்கால் மணி நேரத்தை யாரும் சேர்ப்பதில்லை.

எங்கள் டெல்டாவுக்கு ஒரு சொந்தத் துயரம் உண்டு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பாசிப்பயறும் தெளிப்பார்கள். நெல் அறுத்த ஈரத்திலேயே பயறு வந்துவிடும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உழ வேண்டாம். எந்திர அறுவடை வந்தபின் சக்கரத்தடியில் முளை நசுங்குகிறது, பல பேர் தெளிப்பதை விட்டுவிட்டார்கள். நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் ஊருக்கு ஊர் இருக்கிறது. பயறுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை, வியாபாரி சொன்ன விலை. ஆக எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், அரைவை ஆலைக்குப் போய், மஞ்சள் அரிசி கலந்து, சாக்கில் திரும்பி வருகிறது. எங்கள் ஊரில் விளையவே விளையாத துவரை எங்கிருந்தோ வருகிறது. எங்கள் மண்ணில் சும்மா தெளித்தாலே விளையும் பாசிப்பயறு ரேஷன் பட்டியலில் இல்லை.

இனி அக்கா மகள். அவள் பத்தாம் வகுப்பு வரை மதியம் சத்துணவு சாப்பிட்டாள். தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, இன்று பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. நான் படித்த எந்தச் செறிவூட்டலையும்விட இது உறுதியான திட்டம். முட்டை தட்டில் விழுகிறது, வாத்தியார் கண்முன்னால் பிள்ளை தின்கிறது, யாரும் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிவதில்லை. ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. காலை உணவுத் திட்டமோ ஐந்தாம் வகுப்போடு. அதே ஆராய்ச்சிக் கழகத்தின் அட்டவணையில் 13-15 வயதுப் பெண்ணுக்கு இரும்புத் தேவை 30 மி.கி., 16-18 வயதில் 32. பெண்ணின் வாழ்நாளில், கர்ப்பகாலம் தவிர, இதுதான் உச்சம். உச்சத்துக்கு ஏறுகிற அந்த வருஷத்தில்தான் தட்டை எடுத்துவிடுகிறோம். காலையில் டீயும் ரெண்டு பிஸ்கட்டும், மதியம் டப்பாவில் புளிசாதம், அதுவும் பாதி திரும்பி வரும். பள்ளியில் வாரம் ஒரு நீலநிற இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டு வயிறு பிரட்டியதால் அவள் அதைப் பென்சில் டப்பாவில் சேர்த்துவைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தோம், பத்தொன்பது.

திரும்பவும் கணக்கு. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு சுமார் 8 லட்சம் பேர் பிளஸ்டூ எழுதுகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்பிலும் சேர்த்துப் பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 8 லட்சம் என்று வைக்கலாம், தனியார் பள்ளியையும் சேர்த்து. 220 பள்ளி நாள், நாளுக்கு ஒரு முட்டை, ஆறு ரூபாய்: 106 கோடி. பையன்களையும் சேர்த்தால் இரண்டு மடங்கு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள் மட்டும் என்றால் இதில் கணிசமாகக் குறையும். முட்டையோடு ஒரு கைப்பிடி டெல்டாப் பாசிப்பயறு சுண்டலும் சேர்க்கலாம். சமையலறையும் ஆளும் பல மேல்நிலைப் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கின்றன, ஆறிலிருந்து பத்து வரை அங்கேதான் சமைக்கிறார்கள். அடுத்த கட்டடத்தில் முட்டை அவிகிற வாசனையில் பதினொன்றாம் வகுப்பு உட்கார்ந்திருக்கிறது.

முட்டையில் இரும்பு அதிகம் இல்லை, தெரியும். ஒன்றில் ஒரு மி.கி. அளவுதான். அதில் இருப்பது புரதமும் பி12-ம். இரும்புக்கு அந்த நீல மாத்திரைதான் இன்னும் நேரான வழி, அதைச் சாப்பாட்டுக்குப் பின்னால் போட ஒரு சாப்பாடு வேண்டும். மாத்திரை, முட்டை, சாதம் மூன்றும் ஒரே மணி நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

அக்கா மகளுக்கு மருத்துவர் தினம் ஒரு மாத்திரை எழுதினார், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், அரை எலுமிச்சம்பழச் சாறோடு. டீ காலையில் மட்டும். மூன்று மாதத்தில் 11.2. ஒரே ஒரு ஆள், ஒப்பிட யாரும் இல்லை, ஒரே சமயத்தில் நாலு விஷயம் மாற்றியிருக்கிறோம். மேலே நான் அரசைத் திட்டிய அதே தப்பு. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அம்மாவிடம் அந்த அரிசி பிளாஸ்டிக் இல்லை என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டார். "அப்ப சத்துன்னா எதுக்குத் தனியா அரிசி மாதிரி செஞ்சு ஒளிச்சு வைக்கிறான்? மருந்துன்னு சொல்லிக் குடுத்தா வாங்கிக்க மாட்டமா?" என்றார். இப்போது பொறுக்குவதை விட்டுவிட்டார். கோழிக்குத்தான் நஷ்டம்.